வெள்ளியில் பதிந்த வீட்டு முகங்கள்

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை, காது குத்தும்போது மாமன் மடியில் வீறிடும் பெண், ஊட்டி தாவரவியல் பூங்காப் புல்வெளியில் ஸ்வெட்டரோடு விறைத்து நிற்கும் புதுமணத் தம்பதி. உங்கள் வீட்டு ஆல்பத்தில் இப்படிக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்த முகங்களின் கறுப்பெல்லாம் மை அல்ல, வெள்ளி. நகைக்கடையில் விற்கும் அதே உலோகம், கண்ணுக்குத் தெரியாத துகள்களாக.

அந்தப் படங்களில் பல, ஊட்டியிலேயே செய்த ஃபிலிமில் எடுத்தவையாகவும் இருக்கலாம். உதகையிலிருந்து கூடலூர் போகும் வழியில் இந்து நகர் என்று ஓர் இடம் உண்டு. 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ஆலை அங்கேதான் இருந்தது. பிரான்ஸ் நாட்டு பொஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் சுருள், போட்டோ தாள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம் என எல்லாம் வந்தன. அந்நியச் செலாவணி தட்டுப்பாடான காலம் அது. வெளிநாட்டு ஃபிலிமுக்குக் கையேந்தாமல் இருக்க நாடு செய்த முயற்சி.

ஏன் மலை உச்சியில்? ஃபிலிமின் முதல் எதிரி தூசி, இரண்டாவது சூடு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இரண்டுமே குறைவு. செய்முறையைப் பார்த்தால் காரணம் புரியும்.

ஃபிலிம் என்பது இரண்டு அடுக்கு. கீழே வளையக்கூடிய, கண்ணாடி போன்ற அசிட்டேட் தாள். அதன்மேல் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான கனத்தில் ஒரு பூச்சு. வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடையும் ஜெலட்டின் கரைசலில் கலந்தால் வெள்ளி புரோமைடு நுண்படிகங்கள் உண்டாகும். அந்தக் கலவையை இளஞ்சூட்டில் உருக்கி, ஓடும் தாளின்மேல் பூசி, உடனே குளிர்காற்றில் உறையவைத்து, வடிகட்டிய காற்றில் உலர்த்த வேண்டும். ஒரு தூசி விழுந்தால் அது பின்னால் யாரோ ஒருவரின் கன்னத்தில் புள்ளியாகத் தெரியும். ஒளி பட்டாலோ மொத்தமும் பாழ். அதனால் பூசுவது, அறுப்பது, ஓரத்தில் துளையிடுவது, சுருட்டுவது எல்லாமே இருட்டில்தான். கண்ணை நம்பாமல் கையையும் பழக்கத்தையும் நம்பிச் செய்யும் வேலை அது. இத்தனை துல்லியமான தொழிலை இருட்டில் செய்தவர்களின் திறமையை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

ஜெலட்டின் கதை தனிச் சுவாரசியம். மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது அது. சுத்த சைவக் குடும்பங்களின் கல்யாணப் படமும் அதன்மேல்தான் பதிந்திருக்கிறது! ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த ஃபிலிம் நன்றாக வேலை செய்யும், இன்னொரு தொகுதியில் செய்தது மந்தமாக இருக்கும், காரணம் பிடிபடவில்லை. கோடாக் ஆய்வுக்கூடத்தின் ஷெப்பர்ட் 1920களில் விடை கண்டார். மாடுகள் மேய்ந்த கடுகு இனச் செடிகளில் இருந்த கந்தகச் சேர்மம் ஜெலட்டினில் எஞ்சி, படிகங்களின் ஒளியுணர்வைக் கூட்டியிருந்தது. பிறகு கந்தகத்தை அளந்தே சேர்த்தார்கள்.

கேமராவில் கிளிக் செய்யும்போது நடப்பது மிகச் சிறிய காரியம். ஒளி பட்ட படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்கின்றன, அவ்வளவுதான். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. ஸ்டூடியோவில் ஃபிலிம் கழுவும்போது டெவலப்பர் கரைசல் அந்தச் சின்ன அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, படிகத்தில் உள்ள கோடிக்கணக்கான வெள்ளி அயனிகளையும் உலோகமாக்கிவிடுகிறது. அடையாளம் இல்லாத படிகத்தை அது கிட்டத்தட்டத் தொடுவதில்லை. மிஞ்சியதை ஹைப்போ என்ற இன்னொரு கரைசல் கரைத்து நீக்கும். ஒளி பட்ட இடம் கறுப்பு, படாத இடம் தெளிவு, அதுதான் நெகட்டிவ். அதன் வழியாகத் தாளில் ஒளி பாய்ச்சினால் மறுபடி எல்லாம் நேராகும். கரைந்த வெள்ளி வீணாவதில்லை. பழைய ஹைப்போவிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது ஒரு தனித் தொழில்.

பாட்டியின் குங்குமப் பொட்டு பழைய படத்தில் கன்னங்கரேலென்று இருப்பதற்கும் காரணம் உண்டு. வெள்ளி புரோமைடுக்கு இயல்பில் நீலம்தான் தெரியும், சிவப்பு தெரியாது. ஜெர்மானிய வேதியியலாளர் ஃபோகல், சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களும் பதியும் என்று 1873இல் காட்டிய பிறகே ஃபிலிமின் பார்வை படிப்படியாக விரிந்தது. போட்டோ தாளை மட்டும் பழைய குருடோடே விட்டுவைத்தார்கள். பிரிண்ட் போடும் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான்.

பெரிய சுருளில் 12 படம், சின்னச் சுருளில் 36. வதோதராவில் தயாரான அக்ஃபா கிளிக் மூன்று போன்ற கேமராக்களில் அந்த 12 படத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முழுச் சுற்றுலாவையும் சமாளித்தது. படகு இல்லத்துக்கு இரண்டு, தொட்டபெட்டாவுக்கு இரண்டு, கூடை மாட்டித் தேயிலை பறிக்கிற வேஷத்துக்கு ஒன்று. மிச்சம் ஊருக்குப் போய்ப் பாப்பாவின் பிறந்தநாளுக்கு. கழுவி வரும்வரை கண் மூடியது யாரென்று தெரியாது. எண்ணி எடுத்ததால் அந்தப் படங்கள் உயர்ந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். பாதியில் தலை வெட்டுப்பட்டிருக்கும்.

கலர் ஃபிலிம் பரவியதும் ‘இந்து’ பின்தங்கியது. எக்ஸ்ரே ஃபிலிமுக்கான புதிய திட்டம் கடனாகத் தலையில் ஏறியது; இறக்குமதி எளிதானது; கடைசியில் டிஜிட்டல். 1990களிலேயே நலிந்த நிறுவனமாகிவிட்டது. மிச்சமிருந்த ஊழியர்களை விருப்ப ஓய்வில் அனுப்ப 2014இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஃபிலிம் செய்ய உதவிய அதே மலை, அதைப் பாதுகாக்க மட்டும் ஏற்றதில்லை. மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் குன்னூர், கூடலூர் வீடுகளில் ஜெலட்டின்மேல் பூஞ்சை ஏறும். நெகட்டிவைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் கரைந்து படமே போய்விடும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டி, பிளாஸ்டிக் பையை விட்டுத் தாள் உறையில் போட்டு, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும். அந்த நெகட்டிவ்களைத் தனியே பிரித்து, மற்றவற்றுக்கு முன்பாக ஸ்கேன் செய்துவிடுங்கள்.