“உனக்காக எவ்வளவு கஷ்டப்படறோம் தெரியுமா?”

பெண்கள் கல்லூரி விடுதி ஒன்றில் 11 வருஷம் வார்டனாக இருந்தவள் நான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வராந்தா முழுக்கப் போன் பேச்சுதான். “சரிம்மா... தெரியும்மா... படிக்கிறேம்மா...” அந்தப் பக்கம் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று அறிய ஜோசியமா தெரிய வேண்டும்? அடகு வைத்த வளையல், அப்பாவுக்கு ஏறின பிரஷர், பேங்க் லோன்!

அம்மா அக்கறையில்தான் சொல்கிறாள். ஆனால், ஏற்கெனவே மனசு ஒடிந்திருக்கும் பெண்ணுக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. தற்கொலை எண்ணத்தின் பின்னால் இருக்கும் இரண்டு நினைப்புகளை அமெரிக்க உளவியல் பேராசிரியர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் ஒரு நூலில் எழுதினார். ‘எனக்கென்று யாருமில்லை’ என்பது ஒன்று. ‘நான் இருப்பதே மற்றவர்களுக்குப் பாரம்’ என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான், நாம் அறியாமலே, போனில் தினம் ஊட்டுகிறோம். ‘இனி எதுவும் மாறாது’ என்ற எண்ணமும் சேர்ந்துவிட்டால் ஆபத்துதான்.

2022-இல் நம் நாட்டில் 13,044 மாணவ மாணவியர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. ‘பரீட்சையில் பெயில்’ என்று பேப்பரில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு, குடிக்கிற அப்பா, ஓயாத சண்டை, சின்ன வயசில் பட்ட அடி உதை, முன்பே ஒருமுறை முயன்றது என்று பல சேர்ந்திருக்கும். பரீட்சை அதன்மேல் வந்து விழுகிறது. (பையன்கள் விஷயம் இன்னும் கஷ்டம். வாயையே திறப்பதில்லை.)

தூக்கம் கெட்டு, தோழிகளை விட்டு ஒதுங்கி, “நான் இல்லாட்டா உங்களுக்கு நிம்மதி” என்று மகள் சொன்னால், “வாயைக் கழுவு!” என்று அடக்காதீர்கள். “சாகணும்னு தோணுதா கண்ணு?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ‘நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வந்தால்?’ என்ற கவலையெல்லாம் அப்புறம்.

வீட்டுப் பணக் கஷ்டத்தை மறைக்கச் சொல்லவில்லை. “லோனை நாங்க பாத்துக்கறோம். பாஸானாலும் ஆகாட்டாலும் நீ எங்க பொண்ணுதான்” என்பதையும் கூடவே சொல்லுங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. பெண்ணுக்கு மட்டுமல்ல, கலங்கி நிற்கும் தாயும் கூப்பிடலாம்.