மானிடவியல் படிக்க ஆசையா? பள்ளியிலேயே தொடங்கலாம்!

"மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். டாக்டர், என்ஜினீயர் என்று சொல்லாமல் மானிடவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா?"

மாட்டுங்கா ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும் தகப்பனார் ஒருவர் இப்படிக் கேட்டால் வியப்பில்லை.

இருக்கிறது. மனிதர்கள் எப்படித் தோன்றினார்கள், எப்படிக் கூடி வாழ்கிறார்கள், எதை உண்கிறார்கள், யாரை மணக்கிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள் என்று ஆராய்வதுதான் மானிடவியல்.

கடல் கடந்து வந்தவர்

அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

ஓவன் லிஞ்ச் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் பம்பாய்க் குடிசைப் பகுதிக்கு வந்தார். அங்கு வாழ்ந்த ஆதிதிராவிடர்களின் அரசியல் விழிப்பைப் பற்றி 1974-ல் கட்டுரை எழுதினார். குயவர்களைப் பற்றி 1979-ல் எழுதினார். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மவர் கதையை அயல்நாட்டார் எழுதினார். நம் பிள்ளைகள் எழுதக் கூடாதா?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். தாத்தா எந்த ஆண்டு வந்தார்? முதல் நாள் இரவு யார் இடம் கொடுத்தார்கள்? முதல் கூலி எவ்வளவு? கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அடுத்து, உறவுமுறைப் படம் வரையுங்கள். மாமாவும் சித்தப்பாவும் ஆங்கிலத்தில் 'அங்கிள்'தான். தமிழில் மாமா மகள் முறைப்பெண். சித்தப்பா மகள் தங்கை! 1871-ல் லூயிஸ் ஹென்றி மார்கன் வெளியிட்ட உறவுமுறை நூலிலேயே தமிழ்ச் சொற்கள் இடம்பெற்றன.

பிறகு தெருவுக்கு வாருங்கள். சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பார்வாடா, மீனவர்களின் கோலிவாடா, நம்மவர் தெருக்கள் எல்லாம் தாராவிக்குள்ளேயே இருக்கின்றன. அனுமதி கேட்டுப் பேசுங்கள். பெயர் வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். யாரையும் ஏளனம் செய்யாதீர்கள்.

தமிழ், மராத்தி, இந்தி மூன்றும் பேசுவது பெரிய மூலதனம். தமிழ் எழுதப் படிக்கவும் மறக்கக் கூடாது.

எங்கே படிப்பது?

டில்லி பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பி.எஸ்.சி. உண்டு. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். எனவே பத்தாவது முடிந்ததுமே முடிவு செய்வது நல்லது. சென்னை, புனே பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்பு உண்டு. மும்பை பல்கலைக்கழக சமூகவியல் துறை 1919-ல் தொடங்கியது. புகழ்பெற்ற எம்.என். சீனிவாஸ் அங்கே கூர்யேயிடம் படித்தவர்தான்.

வேலை? குவிந்து கிடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 1945-ல் அமைந்த இந்திய மானிடவியல் ஆய்வகம் இருக்கிறது. ஐ.ஏ.எஸ். தேர்வில் மானிடவியல் ஒரு விருப்பப் பாடம். கல்லூரி ஆசிரியர் பணியும் உண்டு.

பெற்றோர்களே! படிப்பை நாளை முடிவு செய்யலாம். தாத்தா பாட்டியின் கதை நாளைவரை காத்திருக்காது. இன்றே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.