வானிலையும் சோளத்தின் பங்கசு நோய்களும்

“மழை கூடினால் நோய் கூடும்” என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் மாணவர்கள் பலர். இவ்விடை முற்றாகப் பிழையன்று. ஆனால் முழுப் புள்ளியும் கிடைக்காது. பங்கசு நோய்க்கு முக்கியம் எவ்வளவு மழை பெய்தது என்பதல்ல, இலை எவ்வளவு நேரம் நனைந்திருந்தது என்பதாகும்.

காரணத்தைப் பாருங்கள். பங்கசின் வித்திகள் காற்றினாலும் மழைத்துளி தெறிப்பதாலும் இலையில் வந்து படிகின்றன. அவை முளைத்து இலைக்குள் நுழைய நீர்ப்படலம் தேவை. இதற்குப் பல மணித்தியாலங்கள் செல்லும். கடும் மழை பெய்தாலும் உடனே வெயிலெறித்து இலை உலர்ந்துவிட்டால் முளைக்கும் வித்தி காய்ந்து இறந்துவிடும். மாறாக, நாள் முழுவதும் முகில் மூடித் தூறிக்கொண்டிருந்து, இரவில் பனியும் பெய்தால், மழைமானியில் சில மில்லிமீற்றரே பதிவானாலும் நோய் பரவும்.

இதை வன்னிக்குப் பொருத்திப் பாருங்கள். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்கள் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. இங்கே மேட்டுநிலச் சோளம் பெரும்பாலும் பெரும்போகத்தில், ஒக்டோபர் மழையுடன் மானாவாரியாக விதைக்கப்படுகிறது. பயிர் அடர்ந்து பூக்கும் காலமும் மழை மிகுந்த நவம்பர், டிசம்பர் மாதங்களும் ஒன்றாக வருகின்றன. தையில் மழை குறைந்தாலும் பனி விடுவதில்லை. காலையில் வெயில் ஏறும்வரை இலை ஈரமாகவே இருக்கும்.

இலை வெளிறல் நோய் இரு வகைப்படும். ஒன்றில் சிறிய மண்ணிறப் புள்ளிகள் நரம்புகளுக்கிடையே தோன்றும். இதற்கு 20 – 32°C வெப்பநிலை ஏற்றது. வன்னியின் மாரிகாலமும் ஏறத்தாழ இதுதான். மற்றையதில் சுருட்டைப் போல இருமுனையும் ஒடுங்கிய நீண்ட சாம்பல்நிறப் புள்ளிகள் உண்டாகும். அது 18 – 27°C என்னும் குளிர்ந்த நிலையை விரும்பும். இலையில் ஓட்டைகளும் குருத்தில் எச்சமும் கண்டால் அது பங்கசு அன்று. 2018 இல் இலங்கையில் பரவத் தொடங்கிய படைப்புழுவாக இருக்கலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நோயாக்கி, விருந்துவழங்கி, சாதகமான சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நோய் முக்கோணி. 1970 இல் ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலான வயல்களில் ஒரே வகை ஆண்மலட்டுக் கலப்பினச் சோளமே இருந்தது. அதைத் தாக்கவல்ல இலை வெளிறல் பங்கசு தோன்றியது. வானிலையும் வெப்பமும் ஈரமுமாக அமைந்தது. விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் அழிந்தது.

இனி, பலர் மறந்துவிடும் பகுதி. எல்லாப் பங்கசும் வயலில் மழையைத் தேடுவதில்லை. அஸ்பஜிலஸ் பிளேவஸ் என்பது மணி முற்றும் வேளையில் வரும் வரட்சியிலும் கடும் வெப்பத்திலும் பெருகும். பின்னர் ஈரமாகச் சேமித்த மணிகளில் மேலும் வளரும். அது சுரக்கும் அபிளாரொட்சின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. 2004 இல் கிழக்குக் கென்யாவில் இந்நஞ்சேறிய சோளத்தை உண்ட 317 பேர் நோயுற்று, 125 பேர் இறந்தனர். சமைத்தாலும் இந்நஞ்சு முற்றாக அழியாது. ஆகவே மணியின் ஈரப்பதன் 13 சதவீதத்துக்குக் குறையும்வரை நன்கு காயவைத்தே மூட்டை கட்ட வேண்டும். இலங்கையில் சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்கே செல்வதால் “நாம் உண்பதில்லையே” என்று எண்ணிவிடவும் கூடாது. நஞ்சு கோழியையும் தாக்கும்.

பயிற்சி வினா: செட்டிகுளத்தில் ஒருவர் சோளத்தை நெருக்கமாக நட்டு, மாலையில் தூவல் முறையில் நீர் பாய்ச்சுகிறார். அயலவர் சிபாரிசு செய்யப்பட்ட இடைவெளியில் நட்டு, காலையில் சால்வழியே பாய்ச்சுகிறார். இருவரும் பயன்படுத்தும் நீரின் அளவு ஒன்றே. எவரது பயிரில் இலை வெளிறல் கூடுதலாக இருக்கும்? இரு காரணங்கள் தருக.