நேரமும் கடைக் கொப்பியும்



"டவுனுக்குப் போய் மாதச் சாமானை மொத்தமா வாங்கினா என்னம்மா?" என்று நாங்கள் கேட்டால், லயத்துப் பெண்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "போகலாம் ஐயா, நேரம் எங்க இருக்கு?"

அது சாட்டு அல்ல. காலையில் பிரட்டுக்கு ஓடி, மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வரும்போது இருட்டிவிடுகிறது. உடனே அடுப்பு மூட்ட வேண்டும். அந்த அவசரத்தில் பக்கத்துக் கடையில் 100 கிராம் பருப்பு, கொஞ்சம் சீனி, ஒரு சின்னப் பக்கெட் தூள். எல்லாம் கொப்பியில்.

100 கிராமுக்கு 5 ரூபா கூடப் போனால் கிலோவுக்கு 50 ரூபா. மாதம் 4 கிலோ பருப்பு எடுக்கிற வீட்டில் 200 ரூபா. இது பருப்புக்கு மட்டும். கடனுக்கு வாங்கும்போது விலை கேட்கவும் வாய் வராது.

கொழுந்து கூடுகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வரும். கையில் காசு இருக்கும், கடைக்குப் போக நேரமிராது. வெயில் காலத்தில் பேர் குறையும்போது நேரமிருக்கும், காசிராது. அந்த நாட்களில் டவுனில் நாலு கடை ஏறி விலை விசாரித்து வந்தாலே உதவிதான்.

இனி ஆண்கள் கோபிக்கக் கூடாது. கவ்வாத்து, மருந்தடி போன்ற வேலைகள் பல நாட்களில் பகலோடு முடிந்துவிடும். பெண்களுக்குப் பின்னேரம் வரை மலைதான். நேரம் ஒருவரிடம், சாமான் வாங்கும் பொறுப்பு இன்னொருவரிடம்! "அவருகிட்ட காசைக் குடுத்தா பாதி வழியிலேயே போயிரும்" என்ற பயமும் எங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு லயத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். மூன்று வீட்டுக்கும் சேர்த்து, சம்பளத்துக்கு மறுநாள் ஓர் ஆணும் வேலையிலிருந்து நின்ற ஓர் அம்மாவும் போகிறார்கள். சாமான் துண்டைப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுக்கிறது. பில்லோடுதான் திரும்ப வேண்டும். பஸ் காசும் மூன்றாகப் பிரிகிறது. அரிசி, மா, சீனி, பருப்பு மட்டும் இப்படி. மரக்கறி, கருவாடு வழக்கம்போல.

கடைக்காரர் விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், கேட்டால் பில் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. பக்கெட்டில் அடித்த விலைக்கு மேல் கேட்டால் 1977க்குத் தொலைபேசியில் முறையிடலாம்.

லயத்துக் கடைக்காரரும் நம்ம ஆள்தான், அந்தரத்துக்குக் கைகொடுக்கிறவர். இருந்தாலும் சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னே கொப்பியை வீட்டுக்கு வாங்கி வந்து, பிள்ளையை விட்டு ஒருதரம் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.