குட்டி யானைக்காரர்களின் கூட்டு

2005-ஆம் ஆண்டில் டாடா நிறுவனத்தார் 'ஏஸ்' என்னும் சிறு பார வண்டியை வெளியிட்டனர். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். முக்கால் டன் பாரம். நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயரிட்டுவிட்டனர். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது.

இவற்றின் சொந்தக்காரர் பலர் தாமே ஓட்டுநர்கள். கடன் தவணை மாதந்தோறும் தவறாது வரும். வாடகை அப்படி வருவதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்பினால், இரு வழி டீசலையும் ஒரு வழி வாடகையே தாங்க வேண்டும். ஆதலின், ஒரே வட்டாரத்து வண்டிக்காரர்கள் ஸ்டாண்டில் கூடிப் பேசுவது வெறும் பொழுதுபோக்கன்று. திரும்பும்போது எங்கே சுமை கிடைக்கும், எந்தப் பட்டறையில் கிளச் வேலை நன்று, எந்த வியாபாரி வாடகையை இழுத்தடிப்பார் என்பனவெல்லாம் அங்கேதான் தெரியவரும். வண்டி முகப்பில் எழுதும் பெயரைப் பற்றியும் காரசாரமான விவாதம் நடக்கும். அதில் நாம் தலையிட வேண்டாம்.

மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைந்த பார வண்டியை, இலகு ரக உரிமம் பெற்றவர் தனிக் குறிப்பின்றியே ஓட்டலாமென்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. இதை அறியாதவர், விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டால் வாளாவிருந்துவிடுவார். அறிந்த ஒருவர் ஸ்டாண்டில் இருந்தால் போதும்.

அளவுக்கு மேல் பாரம் ஏற்றும் வித்தையும் அங்கேதான் பரவுகிறது. பிரேக்கும் டயரும் அதைப் பொறுக்கா.

சென்னிமலை போன்ற நெசவூர்களில் நூல் கொண்டுவரும் வண்டியிலேயே போர்வைக் கட்டுகளை அனுப்பலாம். அங்கத்தினர்கள் முதல் நாள் மாலையே ஸ்டாண்டில் சொல்லிவைத்தால் இருவருக்கும் செலவு குறையும்.