அப்பப்பாவின் சுங்கானில் காற்று நின்ற இடம்

சுங்கான் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது. 'பைப்' என்றால் பழைய படங்களில் துரைமார் வாயில் வைத்திருப்பது நினைவுக்கு வரும். எங்கள் அப்பப்பா மலையகத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். அந்தப் பழக்கம் அங்கே தொற்றியது, ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் டின் புகையிலை கிடைக்காமல் போக, யாழ்ப்பாணப் புகையிலையைக் கிள்ளி அடைத்தாராம். 1995 ஒக்டோபர் 30 இரவு சனத்தோடு சனமாக வலிகாமத்தை விட்டு நடந்தபோது, பாதி எரிந்து அணைந்த புகையிலையோடு அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றவைக்கவில்லை. அடுத்த வருடம் கிளிநொச்சியில் காலமானார். காணி உறுதி இருந்த பைக்குள் சுங்கானையும் போட்டுப் பெரியப்பா போன இடமெல்லாம் கொண்டு திரிந்தார்.

போன மாதம் அதை என்னிடம் தந்தார். "ஊதிப்பார் பிள்ளை, காத்துப் போகுதில்லை. குடிக்கிறதுக்கில்லை, சும்மா காத்துப் போனாக் காணும்."

வைத்தியர் சொல்லி அவர் சுருட்டை விட்டுப் பத்து வருடமாகிறது. நானும் புகைப்பதில்லை. சுங்கான் புகையும் வாயையும் தொண்டையையும் கெடுப்பதுதான். ஆனாலும் இப்படி ஒன்று வேறு வீட்டு அலுமாரிகளிலும் கிடக்கக்கூடும். திறக்கப்போய் உடைத்துவிடக்கூடாது என்பதற்காக நான் செய்ததைச் சொல்கிறேன்.

சுங்கானில் கிண்ணமும் தண்டும் ஒரே மரம். பெரும்பாலும் பிரையர் என்ற மத்தியதரைக் கடலோரப் புதரின் வேர்முண்டில் கடைந்தது. வாயில் வைக்கும் துண்டு தனி. பழையவற்றில் அது வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர். கிண்ணத்தின் அடியில் தொடங்கும் துளை தண்டுக்குள்ளால் போய் வாய்த்துண்டில் முடிகிறது. தண்டில் அதன் அகலம் 4 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். வெறும் சுங்கானை இழுத்தால் சோடா குடிக்கும் குழாயால் காற்றை இழுப்பதுபோல இருக்கவேண்டும். விசில் சத்தம் வந்தால் எங்கோ ஒடுங்கியிருக்கிறது. புகைக்கும்போது களகளவென்று கேட்டால் உள்ளே ஈரம். சூடான புகை பொருத்தில் குளிர்ந்து தண்ணீராக நின்றுவிடும்.

அடைப்பு எந்தப் பாதியில் என்று தெரியாமல் எதையும் உள்ளே விடக்கூடாது. இரண்டையும் கழற்றித் தனித்தனியே ஊதவேண்டும். சுங்கான் சூடாக இருக்கும்போது கழற்றினால் பொருத்துத் தளரும் அல்லது தண்டு வெடிக்கும். நேரே இழுக்காமல் பொருத்துக்குக் கிட்டப் பிடித்துத் திருகவேண்டும். எங்களுடையது அசையவேயில்லை. குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் அரை மணிநேரம் வைத்தேன். குளிரில் இறப்பர் சற்றுச் சுருங்கும். மாமி திட்டினா, மீனோடு வைத்ததற்காக. பிறகு மெல்லக் கழன்றது.

வாய்த்துண்டில் காற்றுப் போனது, தண்டில் துளிகூடப் போகவில்லை. ஈர்க்கு விட்டுக் குத்தத்தான் முதலில் மனம் வரும். குத்தினால் ஈர்க்கு உள்ளே முறிந்து இன்னொரு அடைப்பாகும், இரும்புக் கம்பி மரத்தைக் கிழிக்கும். கைவினைப் பொருள் விற்கும் கடையில் பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி வாங்கினேன். காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட் வேண்டாம், மரம் அதை உறிஞ்சிவிடும். நான் பாவித்தது ஒரு கல்யாண வீட்டில் மிஞ்சிய சாராயம். வாய்த்துண்டைச் சுடுதண்ணீரில் போடவும் வேண்டாம், நிறம் இன்னும் கெடும். எங்களுடையது ஏற்கெனவே பச்சையும் கபிலமுமாக மங்கிப்போயிருந்தது.

கம்பி அரை விரல் நீளம் போய் எதிலோ தட்டியது. அது அழுக்கில்லை, உலோகம். பழைய சுங்கான்கள் சிலவற்றில் ஈரத்தைப் பிடிக்க வாய்த்துண்டின் அடியில் ஒரு சின்ன உலோகக் குழல் செருகியிருப்பார்கள். நன்மையைவிட அடைப்புத்தான் அதிகம், பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுவதுண்டு. எங்களுடைய குழல் தாரில் ஒட்டித் தண்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. துளித்துளியாகச் சாராயம் விட்டு இரண்டு நாள் வைத்தபிறகு சின்னக் குறட்டால் பிடிக்கக் கையோடு வந்தது.

ஆனால் காற்று இன்னும் போகவில்லை. மிச்சம் கிண்ணத்தின் அடியில்.

கிண்ணச் சுவரில் படியும் கரி ஒரு சதக் குற்றியின் தடிப்புக்கு இருக்கலாம், அது மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். அதைவிடத் தடித்தால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே வெடிக்கச் செய்யும். இங்கே கரி அளவாகத்தான் இருந்தது. துளையை மூடிக் கிடந்தது 1995 இல் எரியாமல் நின்ற புகையிலை. கல்லாக இறுகியிருந்தது. புகைப்பவர்களிடம் கேட்டால் இழுபடாததற்கு முதற்காரணம் இறுக்கி அடைப்பது என்பார்கள். அடியில் தளர்வாகவும் மேலே போகப்போகச் சற்று அழுத்தியும் அடைக்கவேண்டும். அப்பப்பா அடியிலேயே அழுத்தியிருக்கிறார்.

சுரண்ட எனக்குக் கை வரவில்லை. பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேக்கரண்டியின் மொட்டைப் பிடியால் தானே மெதுவாகக் கிளறினார். மூன்று துண்டாக வந்தது. வாய்த்துண்டைப் பொருத்தி ஊதினார். எதிர்ப்பக்கம் பிடித்திருந்த என் உள்ளங்கையில் காற்றுப் பட்டது.

"ஐயா எப்பவும் இறுக்கித்தான் அடைக்கிறவர்" என்றார்.

அந்த மூன்று துண்டையும் கடதாசியில் மடித்து உறுதிப் பைக்குள் வைத்தார். சுங்கானைத் திருப்பி என்னிடம் நீட்டினார். வாய்த்துண்டை ஒருக்கா மினுக்கித் தரட்டாம்.