மழிப்புச் சவர்க்காரமும் செம்பனையும்

'சவரம்' என்பது க்ஷௌரம் என்னும் வடசொல்லின் திரிபு. சவர்க்காரத்துக்கும் அதற்கும் உறவில்லை. பின்னதில் நிற்கும் காரமே பொருட்டு. முகம் மழிக்கும் கட்டியும் கிரீமும் வேறுபடுவது பெரிதும் அக்காரத்தினாலேயாம். சோடியக் காரம் சவர்க்காரத்தை இறுக்கும். பொட்டாசியக் காரம் இளக்கி, எளிதிற் கரையச் செய்யும். மழிப்புக் கட்டியில் இரண்டும் கலந்து வருவதுண்டு. கிரீமில் பொட்டாசியமே மிகுதி, நீரும் கூடுதல்.

கொழுப்பு எங்கிருந்து வருகிறதென்று கோலசிலாங்கூர் வாசகர் தொலைவில் தேட வேண்டுவதில்லை. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தது, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தென்னமரத்திலேயே. (பெயர் தென்னையை நினைவூட்டும், புகழோ செம்பனையால்!) செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம். அதுவும், அவ்வெண்ணெயிலிருந்து ஆக்கத்தக்க ஸ்டியரிக் அமிலமும் நுரையை அடர்த்தியாக்கி நிலைநிறுத்தும். தேங்காயெண்ணெயின் லாரிக் அமிலம் விரைந்து நுரைக்கும், விரைந்தே அடங்கும். குளியல் சவர்க்காரம் பூசி மழித்தவர் கன்னம் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடியுமுன் பெரட்டுக்கு ஓடுபவருக்குக் கிரீமே உதவும், சுண்டைக்காயளவு போதும். பொழுதுள்ளவர் கட்டியையே கொள்ளலாம் என்பது என் கருத்து. நீர் குறைந்த பண்டமாதலின் நெடுநாள் வரும். நனைத்த பிரஷைக் கட்டிமேல் அரை நிமிடம் சுழற்றி, நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீர் குறைந்தால் நுரை பசையாகிச் சவர அலகில் அடைக்கும், மிகுந்தால் ஒழுகும். முன்னதாக இரண்டு நிமிடம் வெந்நீரால் மயிரை நனைத்தல் இரண்டுக்கும் பொது. நம் ஈரக்காற்றில் கட்டி எளிதில் உலராது. நீரை வடித்துத் திறந்தே வைக்க.